கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய பக்கங்கள்

(மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கி.பி. 866-இல் ஆய் நாட்டு மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு பெருமாள் கோயிலை எடுத்தான். அதோடு சேர்த்து 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தில் எப்படியோ அப்படியே இங்கும் நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்து, எல்லாவற்றையும் செப்பேட்டில் வெட்டி வைத்தான். கோயிலுக்கும் சாலைக்கும் விட்ட நிலங்கள் அந்த ஏட்டில் இருக்கின்றன. மாணவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் இருக்கிறது. உடன் படிப்பவனை இழித்துப் பேசினால் தண்டம். அவை கூடும்போது ஆயுதத்தோடு வரக்கூடாது. சூதாடக்கூடாது. மீறியவனுக்குச் சாப்பாடு நிறுத்தப்படும்.

ஆக, விடுதி விதிகள் நமக்குப் புதியவை அல்ல. பதினொன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் எழுதி வைக்கப்பட்டவை. அந்தச் செப்பேட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நிறுவனம் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டது என்பதும், மாணவன் எப்படி ஒழுக வேண்டும் என்பதும் ஒரே ஏட்டில் இருந்தன. இன்று இந்த இரண்டும் பிரிந்துபோய்விட்டன. மாணவரைக் கட்டுப்படுத்தும் விதிகள் கல்லூரி காலண்டரில் அச்சாகி ஜூலை மாதமே கைக்கு வந்துவிடுகின்றன. கல்லூரியைக் கட்டுப்படுத்தும் விதிகள் தில்லியில் அரசிதழில் வெளியாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

சேர்க்கை நாளில் எந்தக் கல்லூரி அலுவலகத்தில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் பிள்ளை, நடுவில் கத்தையாகத் தாள்கள். கிளார்க் விரல் வைத்துக் காட்டும் இடத்திலெல்லாம் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கும். அந்தக் கத்தையில் ஒரு தாள், ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்று மாணவரும், என் பிள்ளை ஈடுபடாமல் பார்த்துக்கொள்வேன் என்று பெற்றோரும் கொடுக்கும் உறுதிமொழி. அந்த ஒரு தாள் வருவதற்கு இந்த நாடு கொடுத்த விலை மிகப் பெரியது.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு காணாமல் போனார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நாவரசுவை மூத்த மாணவர் ஒருவர் கொலை செய்திருந்தது பிறகு தெரியவந்தது. கடலூர் நீதிமன்றம் 1998-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை உறுதிப்படுத்தியது. துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு கிராமத்துப் பிள்ளை யாரிடம் போய் முறையிட முடியும் என்ற கேள்வி அன்று தமிழ்நாடு முழுவதும் எழுந்தது.

அந்தக் கோபத்தின் சூட்டில் முதலில் ஓர் அவசரச் சட்டமும், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் வந்தன. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம். வேறு எந்தக் கல்லூரியிலும் இடமில்லை. இந்தப் பகுதியைப் பெரும்பாலான காலண்டர்கள் தடித்த எழுத்தில் போடுகின்றன. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவைத் தடித்த எழுத்தில் போட்ட காலண்டரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மாணவரோ பெற்றோரோ ஆசிரியரோ புகார் கொடுத்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் அலட்சியம் செய்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். சட்டம் இயற்றியவர்கள் மூத்த மாணவர்களுக்கு மட்டும் அதை எழுதவில்லை. முதல்வரின் நாற்காலிக்கும் சேர்த்தே எழுதினார்கள்.

சட்டம் வந்ததும் ராகிங் நின்றுவிடவில்லை. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்க, சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநரும் தமிழ்நாடு காவல் பணியில் இருந்தவருமான ஆர்.கே. ராகவன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2007-இல் அறிக்கை தந்தது. அதற்குப் பிறகும் 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் காங்கடா மாவட்டத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் மூத்த மாணவர்கள் அடித்ததில் இறந்துபோனார். அந்த ஆண்டுதான் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ராகிங் ஒழிப்பு விதிமுறைகளை வெளியிட்டது. இன்றைய உறுதிமொழித் தாள், ராகிங் தடுப்புக் குழு, விடுதிகளில் திடீர்ச் சோதனை நடத்தும் பறக்கும் படை, 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் எல்லாம் அதன் விளைவுகள். 2016-இல் வந்த திருத்தம், சாதி, மதம், நிறம், பாலினம், பாலியல் நாட்டம், மொழி, பிறந்த ஊர், வீட்டின் பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று விரித்துச் சொன்னது. 'எந்த ஊரு, என்ன ஆளுங்க?' என்று முதலாண்டு மாணவரை நிறுத்தி வைத்துக் குடைந்து கேலி செய்கிறவர்கள், தாங்கள் வெறும் அறிமுகம்தான் செய்துகொள்கிறோம் என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஆக, ராகிங்குக்கு எதிரான விதிகள் கடுமையாக இருப்பதில் தவறில்லை. அவற்றின் காரணம் யாருக்கும் தெரியும். சிக்கல், காரணம் சொல்லப்படாத விதிகளில் தொடங்குகிறது.

கல்லூரி நிர்வாகம் மாணவருக்குப் பெற்றோர் இடத்தில் இருக்கிறது என்ற கருத்து உலகம் முழுவதும் நீண்ட காலம் கோலோச்சியது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று. கல்லூரியின் கட்டுப்பாட்டில் இல்லாத வெளி உணவகங்களுக்கு மாணவர்கள் போகக்கூடாது என்று அது விதி போட்டது. வியாபாரம் படுத்துப்போன ஓர் உணவகக்காரர் வழக்குப் போட்டார். 1913-இல் நீதிமன்றம் கல்லூரி பக்கமே நின்றது: பிள்ளை எங்கே சாப்பிட வேண்டும் என்று பெற்றோர் சொல்லலாம் என்றால் கல்லூரியும் சொல்லலாம். அரை நூற்றாண்டு இந்த நினைப்பே ஓடியது.

அதை உடைத்தவர்கள் அலபாமாவின் கறுப்பின மாணவர்கள். 1960 பிப்ரவரியில் மான்ட்கமரி நகர நீதிமன்றக் கட்டடத்தில் வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறிய உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அலபாமா மாநிலக் கல்லூரி அவர்களில் ஒன்பது பேரை நீக்கியது. என்ன குற்றம் என்று சொல்லவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி ஒரு மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்று 1961-இல் தீர்ப்பு வந்தது. டிக்சன் வழக்கு என்று அதைச் சட்டம் படிப்பவர்கள் அறிவார்கள்.

அதற்கடுத்த ஆண்டே நம் உச்ச நீதிமன்றமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1954-இல் இன்டர்மீடியட் தேர்வெழுதிய மூன்று மாணவர்கள் முறைகேடு செய்ததாகச் சொல்லி, தேர்வு வாரியம் அவர்களுடைய முடிவை ரத்து செய்து, அடுத்த தேர்வையும் எழுதத் தடை போட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1962-இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: ஒரு மாணவரின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் அமைப்பு, அவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. இந்தத் தீர்ப்பு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் துறைத்தலைவரின் அறையில் மாணவரை நிற்க வைத்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே அபாலஜி லெட்டர் எழுதச் சொல்லும் வழக்கம் எத்தனை கல்லூரிகளில் இருக்கிறது என்று இந்த அவையில் இருப்பவர்களே சொல்லலாம். மன்னிப்புக் கடிதம் விசாரணை ஆகாது. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான ஆவணமாக அது கோப்பில் தங்கிவிடுகிறது. பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்து நீட்டப்படுகிறது.

'கேட்டாக வேண்டும்' என்றால் கல்லூரி நீதிமன்றமாக மாற வேண்டும் என்று பொருளில்லை. இதையும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1972 ஜூனில் ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியின் மாணவியர் விடுதி வளாகத்துக்குள் இரவில் சில மாணவர்கள் நுழைந்து அநாகரிகமாக நடந்துகொண்டார்கள். மாணவிகள் புகார் கொடுத்தார்கள். முதல்வர் விசாரணைக் குழு அமைத்தார். குழு மாணவிகளைத் தனியே விசாரித்தது. பல மாணவர்களின் படங்களைக் கலந்து வைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்டது. அதன் பிறகே அவர்கள் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். எங்கள் முன்னிலையில் மாணவிகளை விசாரிக்கவில்லை, குறுக்கு விசாரணை செய்யவிடவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. புகார் சொன்ன பெண்களை அவர்கள் எதிரிலேயே நிறுத்தியிருந்தால் பிறகு அந்தப் பெண்களின் பாதுகாப்பு என்னவாகும் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரி முதல்வர் இவ்வளவு பக்குவமாக ஒரு விசாரணையை நடத்தியிருக்கிறார். இதை ஒவ்வொரு முதல்வரும் ஒரு முறை படிக்க வேண்டும்.

இனி விடுதிக் கதவுக்கு வருவோம். இந்த நாட்டின் வளாகங்களில் அதிகம் சண்டை நடந்திருப்பது அந்தக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதில்தான்.

2015-இல் தில்லியில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகம் மாணவியர் விடுதியில் இரவு தாமதமாக வரும் அனுமதியை நிறுத்தியது. அதை எதிர்த்துக் கிளம்பிய மாணவிகளின் இயக்கம் பிஞ்ஜ்ரா தோட் என்ற பெயரில் பல வளாகங்களுக்குப் பரவியது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. அதே வயதுப் பையன் நூலகத்தில் இரவு 11 மணி வரை உட்காரலாம் என்றால், நாங்கள் ஏன் 8 மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும்?

கேரளத்தில் இதே கேள்வி இரண்டு முறை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019-இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. பி.ஏ. ஆங்கிலம் படித்த ஒரு மாணவி மறுத்தார். படிப்பதற்கே போன் வேண்டும் என்றார். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்க்கச் சொல்லி உத்தரவிட்டது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு பதினெட்டு வயதுப் பெண் தனியாக நின்று பெற்ற தீர்ப்பு அது. இன்று நாடெங்கும் வழக்கறிஞர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவ மாணவி இரவில் வார்டில் நோயாளியைப் பார்க்கலாம். நூலகத்துக்குப் போகக்கூடாதா என்பது அவர்களுடைய வாதம். மனித மூளை 25 வயதில்தான் முழு வளர்ச்சி அடைகிறது என்று கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத் தரப்பு வாதாடியது. பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும், தொல்லை கொடுப்பவர்கள் ஆண்கள் என்றால் அவர்களைப் பூட்டுங்களேன் என்ற பொருள்பட நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டார். டிசம்பரில் கேரள அரசு இரு பாலருக்கும் ஒரே நேர விதியை வைத்து, இரண்டாம் ஆண்டு முதல் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தாமதமாக வரலாம் என்று புதிய ஆணை போட்டது.

இவர்கள் எல்லாம் நீதிமன்றம் போக வேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது. ஏனென்றால் விதி ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றி 2015 என்ற ஆண்டுப் பெயரோடு 2016-இல் அரசிதழில் வந்த யு.ஜி.சி. விதிமுறைகளில் ஒரு பகுதி இதைத்தான் சொல்கிறது: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை மாணவியர் விடுதியில் விதிக்கக்கூடாது, வளாகப் பாதுகாப்பு என்பது பெண்களின் நடமாட்டத்தைக் கண்காணித்துக் குறுக்குவதாக ஆகிவிடக்கூடாது. இது மாணவர் அமைப்பின் துண்டறிக்கை அல்ல. அரசிதழில் வந்த விதி.

வார்டன்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடக் கூடாது. தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்த ஒரு தாய், 'என் பொண்ணை நீங்கதான் பார்த்துக்கணும் மேடம்' என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறார். ராத்திரி ஏதாவது ஒன்று நடந்தால் முதல் போன் வார்டனுக்குத்தான் வரும். முதல் பழியும் அவருக்குத்தான். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் பயத்துக்கு மருந்து பூட்டு அல்ல. வகுப்பறையிலிருந்து விடுதி வரை விளக்கு வெளிச்சம், இரவில் வளாகத்துக்குள் ஓடும் ஒரு வண்டி, வாசலில் பெண் காவலர், யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதும் பதிவேடு, கூப்பிட்டால் எடுக்கப்படும் ஒரு போன் எண் ஆகியவை வேண்டும். இவற்றுக்குப் பணம் செலவாகும், பூட்டுக்கு ஆகாது. பல நிர்வாகங்கள் பூட்டைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் அதுதான் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செய்தவர் மாணவர் அல்லர், வெளியிலிருந்து நுழைந்தவர். அடுத்த ஆண்டு ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன் நடந்ததுதான் நெஞ்சைச் சுடுவது. முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. மாணவியின் விவரங்கள் பரவின. அந்த அறிக்கையின் மொழியே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்வதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. 'அந்த நேரத்தில் அந்தப் பெண் ஏன் அங்கே இருந்தாள்?' என்று கேட்டவர்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். தான் படிக்கும் வளாகத்தில் ஒரு மாணவி இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆள் எப்படி உள்ளே வந்தார் என்பது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உடை விதிகளை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேலாடை ஆகியவற்றைத் தடை செய்தபோது நாடு முழுவதும் விவாதம் நடந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஷூ போடாமல் வராதே என்றால் எந்த மாணவரும் எதிர்க்க மாட்டார். கால்மேல் இரும்பு விழும் என்று அவருக்கே தெரியும். வேதியியல் ஆய்வகத்தில் கோட்டும் அப்படித்தான். ஜீன்ஸ் போட்டால் என்ன கெடும் என்று விளக்க முடியாதபோது அந்த விதி வெறும் அதிகாரமாகவே நிற்கிறது.

வருகைப்பதிவு இதைவிடக் கனமான விஷயம். 75 விழுக்காடு என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் கோடு. கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம். இன்னும் குறைந்தால் ஹால் டிக்கெட் இல்லை. வகுப்புக்கு வா என்று சொல்வது நியாயமே. ஆனால் பருவம் முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரம் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவது கொடுமை. 2016-இல் தில்லியில் ஒரு சட்ட மாணவர், வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போன நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மரணத்தை ஒட்டி உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. வருகைக் குறைவை மட்டும் காட்டிச் சட்ட மாணவர் எவரையும் தேர்விலிருந்து தடுக்கக்கூடாது என்று 2025 நவம்பரில்தான் அது தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்டுகள். மாதாமாதம் விழுக்காட்டை மாணவருக்கும் பெற்றோருக்கும் அனுப்புவதற்கு எந்த நீதிமன்றமும் சொல்லத் தேவையில்லை. ஒரு குறுஞ்செய்தி போதும்.

பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று பணம். ஒரு கல்லூரியில் சேர்ந்து, பிறகு கவுன்சிலிங்கில் வேறு இடம் கிடைத்து விலகினால் கட்டிய பணம் போனது போனதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 2018-இல் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பு வேறு சொல்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கும் முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். கழிக்கக்கூடியது 5 விழுக்காடு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அந்த 15 நாட்களுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாள் முடிந்து 15 நாட்களுக்குள் என்றால் 80; 30 நாட்களுக்குள் என்றால் 50. அதற்குப் பிறகுதான் ஒன்றுமில்லை. ஒரு லட்சம் கட்டியவர், கடைசித் தேதி முடிந்து பத்தாம் நாள் விலகினால் 80,000 ரூபாய் அவருடையது. சில ஆண்டுகளில் இதைவிடச் சலுகையான தேதிகளையும் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தனி விதி வைத்திருக்கிறது.

அதே அறிவிப்பில் இன்னொன்று: ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். 'மீதி ஃபீஸைக் கட்டினாதான் சர்டிபிகேட்' என்று பிணை வைத்துக்கொள்வது அந்த விதியை மீறுவது.

சரி, கல்லூரி விதியை மீறினால் மாணவர் எங்கே போவது? 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட மாணவர் குறைதீர் விதிமுறைகள் இதற்கென்றே வந்தவை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பேராசிரியர் தலைமையில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் 15 நாட்களுக்குள், ஆம்புட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருக்க வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். அவர் சொன்னதைக் கேட்காத நிறுவனத்தின் மானியத்தை நிறுத்தவும் யு.ஜி.சி.க்கு அதிகாரம் உண்டு. சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாட்களுக்கு முன்பே, கட்டணம் முதல் ஒழுங்கு விதிகள் வரை எல்லாம் அடங்கிய விவரக் கையேடு வெளியாக வேண்டும் என்றும் அந்த விதிமுறைகள் சொல்கின்றன. சேர்ந்த பிறகு விதியைக் காட்டுவது நியாயமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பாலியல் துன்புறுத்தல் புகாருக்குத் தனிவழி: உள்ளகப் புகார்க் குழு. நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார், 90 நாட்களுக்குள் விசாரணை. மாணவர் தொடர்புடைய புகாரென்றால் மாணவர்களே தேர்ந்தெடுத்த மூன்று பிரதிநிதிகள் குழுவில் இடம்பெற வேண்டும். 'தேர்ந்தெடுத்த' என்பதை மறந்துவிட்டு, துறைத்தலைவர் கைகாட்டிய நல்ல பிள்ளைகளின் பெயரைப் போடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

பேச்சுரிமை பற்றியும் ஒரு சொல். 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி., அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பெயரில்லாத ஒரு புகார்க் கடிதம் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்துக்கு வந்திருந்தது. எங்களிடம் விளக்கமே கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. வளாகத்தில் கூட்டம் நடத்த முன் அனுமதி, நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்த அனுமதி என்று விதி இருக்கலாம். அதை மீறியதாகச் சொல்லும்போது 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அந்த முதல் படியைத் தாண்டிப் போகக்கூடாது.

மாணவர் தேர்தலும் இதில் சேர்ந்ததுதான். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள், அச்சடித்த சுவரொட்டிக்கு இடமில்லை, 75 விழுக்காடு வருகை என்று கறாரான விதிகள். தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதுதான் அந்த அறிக்கையின் அடித்தளம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை. விதிகளைப் பற்றிப் பேச மாணவர் தரப்பில் யாரும் இல்லாத இடத்தில், விதிகள் ஒருதலையாக இருப்பதில் வியப்பென்ன?

இங்கே இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து மூன்று பெயர்களைத் தேடுங்கள்: குறைதீர்க் குழுவின் தலைவர் யார், உங்கள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர் யார், உள்ளகப் புகார்க் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் யார். பெயர்கள் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கும் சொல்லுங்கள். இல்லையென்றால், யு.ஜி.சி. விதிமுறைகளின்படி அவற்றை வெளியிடக் கேட்டு முதல்வருக்கு மரியாதையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். தனியாக எழுத வேண்டாம், பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.